மொரிஸ் மைனர் வானின் முன் ஷொக்: கழற்றி எறிய முன் ஒருக்கால் வாசியுங்கள்

கேட்டவர் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வரும். இங்கிலாந்தில் இருக்கிறார், 1969ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் வான் ஒன்றை, 6 அந்தர் பாரம் ஏற்றும் வகை, போன வருடம் வாங்கியிருக்கிறார். முன்பக்கம் அலையில் போகும் வள்ளம் மாதிரி ஏறி இறங்குகிறது, பின்பக்கம் காலியாக ஓடும்போது சின்னக் கிடங்குக்கும் துள்ளுகிறது. முன்னுக்கு இருக்கும் பழைய லீவர் ஷொக்கை, அதாவது வண்டியின் ஆட்டத்தை அடக்கும், நெம்புகோல் வைத்த ஷொக் அப்சோபரை, கழற்றி எறிந்துவிட்டு நாலு சில்லுக்கும் புதிதாகக் குழாய் ஷொக், அதுதான் டெலஸ்கோப்பிக், போடச் சொல்லிக் கூட்டாளிகள் நெருக்குகிறார்கள், ஒரு செட்டும் பார்த்து வைத்தாயிற்று, வாங்கலாமா?

தம்பி, காசை இன்னும் இரண்டு கிழமை பொக்கற்றிலேயே வைத்திருங்கள். முன்னுக்கு இருப்பதைக் கழற்றி எறிய உங்களால் முடியாது, எறிந்தால் சில்லு நிற்காது. பின்னுக்கு இருப்பது ஏற்கெனவே டெலஸ்கோப்பிக்தான், கீழே குனிந்து பார்த்தால் தெரியும். கூட்டாளிகள் சலூன் காரை மனதில் வைத்துக்கொண்டு கதைக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் உங்கள் வண்டி என்ன வண்டி என்று பார்ப்போம். மைனர் கார் 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது, அலெக் இசிகோனிஸ் வரைந்தது. வானும் பிக்கப்பும் 1953இல் வந்தன. அந்தக் காலத்தில் அது கால் தொன் வான், அதாவது 5 அந்தர். அந்தர் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது, 112 இறாத்தல், ஏறக்குறைய 51 கிலோ. எங்கள் ஊரில் வெங்காயமும் நெல்லும் அந்தர்க் கணக்கில் போன காலத்தில் ஆங்கிலேயர் வானையும் அதே கணக்கில்தான் விற்றார்கள். பிறகு 6 அந்தர் வந்தது, 1968இல் 8 அந்தரும் சேர்ந்தது, அதே வருடம் ஒஸ்டின் பெயர் ஒட்டியும் அதே வானை விற்கத் தொடங்கினார்கள். கிலோவில் பார்த்தால் 254, 305, 406. இந்த எண்களை நினைவில் வைத்திருங்கள், உங்கள் பின்பக்கத் துள்ளலுக்கு விடை இதற்குள் இருக்கிறது.

சலூனுக்குத் தனிச் சேசி இல்லை, உடம்பே சேசி. வானுக்கும் பிக்கப்புக்கும் தனிச் சேசி கொடுத்தார்கள், பின் ஸ்பிரிங் பட்டைகளைக் கடினமாக்கினார்கள், டிஃபரென்ஷியலின் பல் விகிதத்தைச் சுமைக்கு ஏற்ற மாதிரி இறக்கினார்கள், பின்னுக்கு லீவர் ஷொக்கை விட்டுவிட்டு டெலஸ்கோப்பிக் போட்டார்கள். இன்றைக்கு சலூன் வைத்திருப்பவர்கள் பிராக்கற் வாங்கி, பின்னுக்கு டெலஸ்கோப்பிக் மாட்டி, பெரிய முன்னேற்றம் செய்துவிட்டதாகப் படம் எடுத்துப் போடுகிறார்கள். பாண் கொண்டுபோன வானுக்கு அது தொழிற்சாலையிலேயே இருந்தது.

முன்னுக்கு மட்டும் சலூனில் இருந்த அதே ஏற்பாடு. கீழே ஒரு கை, அதாவது சில்லை வண்டியோடு பிடிக்கும் இரும்புத் தண்டு, அந்தக் கையின் உள்முனையிலிருந்து பின்னோக்கித் தரைக்குக் கீழே ஓடும் நீளமான இரும்புக் கம்பி; அது முறுகி முறுகித்தான் ஸ்பிரிங் வேலை செய்கிறது, டோர்ஷன் பார் என்பார்கள். கீழ்க் கையிலிருந்து முன்னோக்கி ஒரு டை ரொட், கையை இழுத்துப் பிடிக்கும் கம்பி. மேலே? மேலே தனியாகக் கை கிடையாது. ஷொக்கின் லீவரே மேல் கை. சில்லைப் பிடித்து நிற்கும் நிமிர்ந்த துண்டின் மேல்முனை, றப்பர் புஷ் போட்டு, அந்த லீவரின் நுனியில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. பிரேக் பிடித்தால் வருகிற இழுவை, வளைவில் வருகிற பக்கத் தள்ளல், கிடங்கில் விழுந்தால் வருகிற குத்து, எல்லாவற்றிலும் ஒரு பங்கு ஷொக்கின் உடம்புக்குள்ளே போகும் அச்சுக்குத்தான் வருகிறது. அதனால் முன் ஷொக் பழுதானால் ஆட்டம் கூடுவதோடு நிற்காது, அச்சு தேய்ந்து லீவரில் லூஸ் வந்தால் சில்லின் சாய்வே மாறும், ஸ்டியரிங் தானாக அலையும், ஆட்கள் ஸ்டியரிங் ரக்கை மாற்றி, ரயர் மாற்றி, கடைசியில்தான் இதைப் பார்ப்பார்கள்.

இந்த யோசனை அந்த நாளில் ஒரு கம்பனிக்கு மட்டும் உரியதல்ல. ஒஸ்டின் ஏ35 வானிலும் முன் ஷொக்கே மேல் கை, ஸ்பிரிங் மட்டும் சுருள். ஃபோர்டின் தேம்ஸ் 300ஈ வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது, அதில் மக்ஃபர்சன் ஸ்ட்ரட், ஷொக்கே சில்லைத் திருப்பும் தூணாகவும் இருந்தது. பிரெஞ்சுக்காரர் செய்ததுதான் விசித்திரம். 1951இல் வந்த சித்ரோன் 2சிவி வான், 250 கிலோ ஏற்றுவது, அதில் எண்ணெயே இல்லை. கைகள் திரும்பும் மூட்டில் உராயும் தட்டுகள் ஆட்டத்தைப் பிடிக்கும், ஒவ்வொரு சில்லோடும் ஒரு டப்பாவுக்குள் ஸ்பிரிங்கில் தொங்கும் பாரம், சில்லு மேலே போனால் அது கீழே போகும், சில்லின் துடிப்பை அது தின்றுவிடும். ஒரு நாள் ஒருவர் அதைக் கொண்டுவந்தபோது நான் கீழே படுத்து அரை மணித்தியாலம் சும்மா பார்த்துக்கொண்டே கிடந்தேன். சரி, உங்கள் வானுக்கு வருவோம்.

லீவர் ஷொக்கைக் கேவலமாகப் பேசுகிறவர்களில் பத்தில் எட்டுப் பேர் ஒன்றைத் திறந்து பார்த்ததில்லை. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பாரமான வார்ப்பு உடம்பு, உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர், இரண்டு பிஸ்டன். லீவர் அசைந்தால் உள்ளே இருக்கும் குறுக்குத் துண்டு சீசோப் பலகை மாதிரி ஒரு பிஸ்டனை அமுக்கி மற்றதைத் தூக்கும், ஒரு சிலிண்டரின் எண்ணெய் மற்றதுக்குப் போயாக வேண்டும், போகிற வழியில் ஒரு வால்வு, அதில் ஸ்பிரிங்குகள். சில்லு மேலே ஏறும்போது வால்வு கொஞ்சம் தாராளமாக விடும், இறங்கும்போது இறுக்கிப் பிடிக்கும். ஏன் அப்படி என்றால், கிடங்கின் குத்தை வாங்குவது ஸ்பிரிங்கின் வேலை, ஷொக் அங்கே குறுக்கே நிற்கக் கூடாது. அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி வண்டியை மேலே எறியப் பார்க்கும்போதுதான் ஷொக் பிடிக்க வேண்டும். ஷொக் அப்சோபர் என்ற பெயரே பிழை, குத்தை அது உறிஞ்சுவதில்லை, குத்துக்குப் பிறகு வருகிற ஆட்டத்தை அடக்குகிறது. பழைய பிரிட்டிஷ் கையேடுகள் டாம்பர் என்றே எழுதும், அதுதான் சரியான பெயர், ஆனால் கராச்சில் நின்று டாம்பர் என்று கேட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பிஸ்டன்களுக்கு மேலே கொஞ்சம் எண்ணெய் சேர்ந்து நிற்கும் இடம் இருக்கிறது, கசிந்து குறைவதை அங்கிருந்து பிஸ்டனில் உள்ள சின்ன வால்வுகள் வழியே சிலிண்டர் இழுத்துக்கொள்ளும். மேல் எண்ணெய் தீர்ந்தால் காற்றை இழுக்கும். காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. உங்கள் வள்ளத்துக்கு முக்கால்வாசி விளக்கம் இவ்வளவுதான்.

இந்த வகைக்கு உண்மையான பலவீனம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. குழாய் ஷொக்கில் பிஸ்டன் ஏறக்குறைய சில்லு அசையும் அளவுக்கே அசையும். லீவர் ஷொக்கில் நீண்ட கையின் நுனி பெரிதாக அசைய, உள்ளே பிஸ்டன் கொஞ்சமே அசைகிறது. அசைவு குறைந்தால் அதே வேலைக்கு விசை கூட வேண்டும், எண்ணெயின் அமுக்கம் கூடும், எண்ணெயும் கொஞ்சம்தான், சீக்கிரம் சூடாகும், சூடானால் இளகும். அதோடு உள்ளே மயிரளவு தேய்ந்தாலும் நுனியில் விரலளவு வெற்று அசைவாகத் தெரியும். மலைப் பாதையில் ஒரு மணித்தியாலம் அடித்து ஓட்டுகிறவனுக்கு இது பிரச்சினை. ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்துக்குப் போகிற வானுக்கு இல்லை.

எண்ணெய்க் கதை ஒன்று சொல்கிறேன். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மாமாவின் கராச்சில் நான் கையாளாக நின்றேன். பொருளாதாரத் தடைக் காலம், கார்களை நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம், இந்த ஷொக்கைச் செய்த ஆம்ஸ்ட்ரோங் கம்பனியின் ஷொக் எண்ணெய்க்கு எங்கே போவது? ஒரு மைனர் காருக்கு நான் கியர் ஒயில் ஊற்றினேன், தடிப்பாக இருந்தால் ஷொக் நன்றாகப் பிடிக்கும் என்ற பெரிய மூளையோடு. காலையில் அந்தக் கார் மாட்டு வண்டில் மாதிரிக் குலுக்கியது, சின்னக் கல்லில் ஏறினாலும் முதுகெலும்பில் தெரிந்தது, மத்தியான வெயிலில் கொஞ்சம் இளகிச் சுமாராக ஓடியது, இரண்டு மாதத்தில் அச்சு சீலால் எண்ணெய் வெளியே வந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, ஷொக்கைக் கழற்றி என் முன்னால் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். தடித்த எண்ணெய் இறங்கும் அசைவை மட்டும் பிடிக்காது, ஏறும் அசைவையும் சேர்த்துப் பிடிக்கும், அதுவும் சின்ன சின்ன அசைவில்தான் கூடுதலாகப் பிடிக்கும். மோட்டார் சைக்கிள் முன் ஃபோர்க்குக்கு விற்கும் எண்ணெய், 20 தடிப்பு, அதுதான் இன்றைக்குக் கிடைப்பதில் பொருத்தம். 30 போட்டால் கொஞ்சம் இறுகும், தேய்ந்த ஷொக்கை ஒரு பருவம் இழுக்கலாம், அதற்கு மேல் போகாதீர்கள். என்ஜின் ஒயிலும் வேண்டாம், பிரேக் எண்ணெய் வேண்டவே வேண்டாம், சீலின் கதி அவ்வளவுதான்.

இப்போது வானுக்குக் கீழே போங்கள். முதலில் சில்லைக் கழற்றி, ஷொக்கின் உடம்பைச் சுற்றி வடிவாகத் துடையுங்கள், கம்பித் தூரிகை, பெரஃபின் என்கிற மண்ணெண்ணெய், பழந்துணி, எதுவானாலும். முக்கியமாக மேலே இருக்கும் எண்ணெய்ப் பிளக்கைச் சுற்றி. ஐம்பது வருடத்து மண்ணும் கிறீஸும் அந்தப் பிளக்கைச் சுற்றித்தான் கோட்டை கட்டியிருக்கும், துடைக்காமல் திறந்தால் ஒரு சிட்டிகை மண் உள்ளே விழும், விழுந்தது நேரே வால்வுக்குப் போய் அதைத் திறந்தபடி பிடித்துக்கொள்ளும், இருந்த ஷொக்கும் போய்விடும். நிறையப் பேர் எண்ணெய் விட்டபிறகுதான் மோசமாகிவிட்டது என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

துடைத்தபின் இரண்டு நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். அச்சு உடம்பிலிருந்து வெளியே வரும் இடத்தில் புதிதாக ஈரம் இருந்தால் சீல் போய்விட்டது. ஈரம் இல்லாமல் எண்ணெய் மட்டும் குறைந்திருந்தால் சும்மா ஒருவரும் பல வருடம் ஊற்றவில்லை என்று அர்த்தம், அது நல்ல செய்தி. ஒரு ஊசிக் குழாயால், மருந்து ஏற்றுகிற பெரிய சிரிஞ்ச் போதும், மெதுவாக விடுங்கள், வானை முன்னுக்கு அமுக்கி அமுக்கி எழுப்புங்கள், குமிழி வரும், திரும்ப விடுங்கள். பிளக் துவாரத்தின் கீழ் விளிம்பு மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். வாய் வரை நிரப்பாதீர்கள், சூட்டில் எண்ணெய் பெருக இடம் வேண்டும், இல்லாவிட்டால் அது தானே இடம் தேடிச் சீலைத் தள்ளும்.

பழைய எண்ணெய் எப்படி இருக்கிறது என்பதும் பேசும். சிரிஞ்சால் கொஞ்சம் இழுத்து வெள்ளைத் துணியில் விடுங்கள். தேன் நிறமாக இருந்தால் யாரோ கவனித்திருக்கிறார்கள். கறுத்துத் தடித்திருந்தால் வருடக்கணக்காக அதே எண்ணெய். வெயிலில் பிடிக்கும்போது மீன் செதில் மாதிரி மினுமினுத்தால் உள்ளே உலோகம் தேய்ந்து எண்ணெயில் கலந்திருக்கிறது, அதற்கு மேல் எண்ணெய் மாற்றிப் பயனில்லை.

மட்காட்டை அமுக்கிவிட்டு எத்தனை தரம் ஆடுகிறது என்று எண்ணுகிற சோதனையை நான் அரைவாசிதான் நம்புவேன். சரியான சோதனை, லீவரின் நுனியைக் கழற்றிவிட்டுக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பது. முழுத் தூரமும் ஒரே சீராக, ஈர மணலில் கரண்டி இழுக்கிற மாதிரிப் பாரமாக வர வேண்டும். திசை மாற்றியவுடன் கொஞ்சத் தூரம் வெறுமனே போய்ப் பிறகு பிடித்தால் காற்று. நடுவில் மட்டும் இளகி ஓரங்களில் பிடித்தால் சிலிண்டர் தேய்ந்திருக்கிறது, அதிகம் உழைத்தது நடுப்பகுதிதானே. அசையவே மறுத்தால் வால்வு அடைத்திருக்கிறது.

இதில் ஒரு இடத்தில் மட்டும் நான் சொல்வதை எழுத்துக்கு எழுத்து கேளுங்கள். லீவரின் நுனியைக் கழற்ற முன், கீழ்க் கைக்குக் கீழே ஜக் கொடுத்துத் தாங்க வேண்டும். டோர்ஷன் பார் முறுகிய நிலையில் நிற்கிறது, மேலே அதைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த லீவர் மட்டும்தான். தாங்காமல் நட்டைக் கழற்றினால் கீழ்க் கை படீரென்று கீழே போகும், இடையில் உங்கள் கை இருந்தால் அது போகும். தாங்கியபிறகும் சில்லுத் தொகுதி பிரேக் குழாயில் தொங்க விடாதீர்கள், ஒரு கம்பியால் கட்டி வையுங்கள். சேசிக்குக் கீழே தனியாக ஸ்டாண்ட். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகிறவனோடு எனக்குப் பேச்சு இல்லை.

கழற்றிய கையோடு ட்ரனியனையும் பாருங்கள். நிமிர்ந்த துண்டின் மேலும் கீழும் புரி வெட்டியிருக்கும், ட்ரனியன் அதில் திருகி நிற்கும், ஸ்டியரிங் திருப்பும்போது அந்தப் புரியில்தான் சுழலும். கையேடு அதற்கு ஒழுங்காகக் கிறீஸ் கேட்கும். கொடுக்காவிட்டால் புரி தேயும், ஒரு நாள் கீழ் ட்ரனியன் கழன்று சில்லு வெளியே மடியும், தெருவோரம் முழங்கால் மடிந்த மாடு மாதிரி நிற்கிற மைனர் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது நடப்பது பெரும்பாலும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது, அதனால்தான் நிறையப் பேர் தப்பினார்கள். 40 வருடத்துக்கு மேற்பட்ட, பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்கு 2018 மே மாதத்திலிருந்து பிரித்தானியாவில் எம்.ஓ.டி. என்கிற வருடாந்த வாகனச் சோதனை கட்டாயம் இல்லை, உங்கள் வானும் அதற்குள் வரும். வருடத்துக்கு ஒருக்கால் வேறு ஒருவர் கம்பியால் நெம்பிப் பார்த்த இடத்தை இப்போது ஒருவரும் பார்ப்பதில்லை. கட்டாயம் இல்லாவிட்டாலும் நான் ஒவ்வொரு வைகாசியும் கொண்டுபோய்க் காட்டுகிறேன்.

ஷொக் உண்மையாகவே முடிந்திருந்தால் திருத்திய ஷொக் வாங்கலாம், உங்கள் பழையதைக் கொடுத்து மாற்றுகிற முறை. இதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். ஒழுங்காகச் செய்கிறவர் அச்சுத் துவாரத்தைக் கடைந்து புது புஷ் போட்டு, புது சீல் போட்டு, வால்வைப் பார்த்துத் தருவார். மற்றவர் மண்ணைக் கழுவி, கறுப்புப் பெயின்ற் அடித்து, எண்ணெய் நிரப்பித் தருவார். நானும் ஒருக்கால் மாட்டினேன், பெட்டியைத் திறந்தபோது கண்ணாடி மாதிரி மினுங்கியது, மூன்றாம் கிழமை கராச் தரையில் உள்ளங்கையளவு எண்ணெய். பெயின்றைச் சுரண்டினால் அடியில் பழைய கறள். அதற்குப் பிறகு வாங்கியவுடன் செய்கிற வேலை, மேசைப் பிடியில் இறுக்கி, லீவரை அச்சுக்கு நேராக, உள்ளே வெளியே தள்ளி இழுத்துப் பார்ப்பது. மயிரளவு லூஸ் இருந்தாலும் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவேன். திரும்பப் பூட்டும்போது உடம்பைப் பிடிக்கும் போல்ட்களையும் விட்டுவிடாதீர்கள், அவை இளகினால் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தரமும் டக் என்று ஒரு சத்தம் வரும், அதை ஷொக்கின் சத்தம் என்று நினைத்து இன்னொரு ஷொக் வாங்குவீர்கள். டை ரொட் றப்பர் செத்தாலும் அதே டக்.

கடையில் பார்த்துவைத்த டெலஸ்கோப்பிக் செட்டின் முன் பாதி எப்படி வேலை செய்யும் என்று இப்போது உங்களுக்கே விளங்கும். அதிலும் பழைய லீவர் ஷொக் இருந்த இடத்திலேயே இருக்கும், வெறும் மேல் கையாக. அதன் வால்வை எடுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு பிராக்கற் வைத்துக் கீழ்க் கைக்கும் அதற்கும் நடுவில் குழாய் ஷொக் மாட்டுவார்கள். அப்படிச் செய்தாலும் லீவர் ஷொக்குக்குள் எண்ணெய் இருக்கத்தான் வேண்டும், அச்சு காய்ந்து ஓடக் கூடாது. நல்ல செட்டை நன்றாகப் பூட்டினால் வேகமாக ஓட்டுகிறவருக்கு உண்மையான பயன் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அச்சு தேய்ந்த லீவர் ஷொக்குக்குப் பக்கத்தில் இதை மாட்டினால் லூஸ் அப்படியே இருக்கும். ஆகவே எப்படிப் பார்த்தாலும் முதலில் லீவர் ஷொக் சரியாக வேண்டும். சரியாக்கியபிறகு நூற்றில் தொண்ணூறு பேருக்குச் செட் தேவைப்படாது. விற்கிறவர் இதை ஏன் சொல்லப் போகிறார்.

இனிப் பின்பக்கம். இது வேறு நோய். உங்கள் வான் 305 கிலோ சுமக்கக் கட்டியது, நீங்கள் ஏற்றுவது ஒரு கருவிப் பெட்டியும் மடக்குக் கதிரை இரண்டும். ஒரு கணக்குக்காக, காலியாக இருக்கும்போது பின் ஸ்பிரிங்குகளின் மேல் 300 கிலோ நிற்கிறது, முழுச் சுமையும் பின்னுக்கே ஏறி 600 ஆகிறது என்று வையுங்கள். பாரம் இரட்டித்தால் ஆட்டத்தின் வேகம் ஏறக்குறைய 0.7 மடங்காகக் குறையும், அதே ஷொக்கின் பிடியும், பாரத்தோடு ஒப்பிட்டால், அதே 0.7 மடங்காகும். தொழிற்சாலைக்காரன் ஒரே ஷொக்கில் இரண்டையும் சமாளிக்க வேண்டும், அவன் சுமையோடு ஓடுகிற நிலைக்கே சாய்ந்து செய்வான், ஏனென்றால் ஆபத்து அங்கேதான். அதனால் காலியாக ஓடும் கடினமான ஸ்பிரிங் வானில் கொஞ்சம் துள்ளல் நோயே இல்லை, சுபாவம். அஞ்சல் திணைக்களத்துச் சிவப்பு வான்களும் தொலைபேசிக்காரரின் பச்சை வான்களும் கடிதக் கட்டையும் கம்பிச் சுருளையும் ஏற்றித்தான் ஓடின. (அந்த அஞ்சல் வான்களில் ஆரம்பத்தில் வந்தவற்றுக்கு முன் மட்காட்டே றப்பரில் செய்திருந்தார்கள், ஹெட்லைற்றைத் தூக்கி மட்காட்டின் மேலே வைத்திருந்தார்கள். அழகுக்குச் செய்ததல்ல.)

ஆனால் நீங்கள் சொல்கிற அளவு, சின்னக் கிடங்குக்கும் எழும்புவது, சுபாவத்துக்கு மேல். நான் முதலில் சந்தேகப்படுவது பின் ஸ்பிரிங்கின் பட்டைகளை, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புத் தகடுகளை. பட்டைகளுக்கு இடையில் கறள் பிடித்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டையாகிவிடும். பெரிய குத்து விழுந்தால்தான் வழுக்கும், சின்னக் குத்துக்கு அசையாது. ஸ்பிரிங் அசையாவிட்டால் ஷொக்கும் அசையாது, அசையாத ஷொக் எதைப் பிடிக்கும்? அப்போது முழு வானும் ரயரின் காற்றில்தான் துள்ளுகிறது, பந்து மாதிரி, ரயருக்கு ஆட்டத்தை அடக்கும் குணம் மிகக் குறைவு. நீங்கள் எந்த ஷொக் போட்டாலும் இது மாறாது. சோதிப்பது எளிது, பின் பம்பரில் ஏறி நின்று மெதுவாக அமுக்குங்கள், பட்டைகளின் நுனியை ஒருவர் டோர்ச் அடித்துப் பார்க்கட்டும், நுனிகள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சமாவது வழுக்க வேண்டும். ரயர் மட்டும் தட்டையானால் கண்டுபிடித்தாயிற்று. கழற்றி, பிரித்து, கறள் எடுத்து, மெல்லிய கிறஃபைட் கிறீஸ் பூசிக் கட்டுங்கள். நிறையப் பூசாதீர்கள், பட்டைகளின் உராய்வும் ஆட்டத்தை அடக்குவதில் ஒரு பங்கு எடுக்கிறது. ரயர் காற்றையும் பாருங்கள், கையேட்டில் பின் சில்லுக்குக் காலி வண்டிக்கு ஓர் அளவு, சுமைக்கு வேறோர் அளவு இருக்கும், பழைய வான்களை வாங்குகிறவர்கள் கூடிய அளவையே அடித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

ஒரு பட்டையை உருவிவிடச் சொல்லுவார்கள். நான் செய்ததில்லை, செய்தவர்களின் வானில் ஏறியிருக்கிறேன், மெத்தென்றுதான் இருந்தது. ஆனால் உயரம் இறங்கும், ஒரு நாள் வீடு மாறும்போது கட்டிலும் அலுமாரியும் ஏற்றினால் பின்பக்கம் குந்திவிடும், காப்புறுதிக்காரருக்கும் சொல்ல வேண்டி வரும். அதற்குப் பதிலாக இரண்டு மணல் மூட்டை, மொத்தம் 50 கிலோ, பின் அச்சுக்கு நேர் மேலே, பிரேக் பிடித்தால் உங்கள் முதுகுக்கு வராதபடி இறுக்கிக் கட்டி. ஓர் அந்தர். வான் கேட்பது அதைத்தான்.

பின் டெலஸ்கோப்பிக் இரண்டும் மாற்றத்தான் வேண்டும் என்றால், சோடியாக மாற்றுங்கள், வானுக்குரிய சாதாரண வகையே போதும், இறுக்கம் கூட்டிய விளையாட்டு வகை காலி வானை இன்னும் கட்டையாக்கும். பூட்ட முன் நிமிர்த்திப் பிடித்து ஏழெட்டுத் தரம் முழுக்க இழுத்து அமுக்குங்கள், பெட்டியில் படுக்கையாகக் கிடந்தபோது உள்குழாய்க்குள் போன காற்று வெளியே வர வேண்டும், முதல் இரண்டு அமுக்கில் வெறுமை தெரியும், பிறகு சீராகும். பழைய கடையில் முப்பது வருடம் கிடந்த அசல் பெட்டியைக் கண்டு ஆசைப்படாதீர்கள், அசல்தான், சீலும் அசலாகக் காய்ந்திருக்கும். றப்பர் புஷ் நட்டுகளை வான் தன் சில்லில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும், தொங்க விட்டு இறுக்கினால் றப்பர் எப்போதும் முறுகியே நின்று சீக்கிரம் கிழியும்.

வேலையின் வரிசை என்று கேட்டால், இந்தச் சனிக்கிழமை முன் ஷொக் இரண்டையும் துடைத்து எண்ணெய் பாருங்கள், ட்ரனியனுக்குக் கிறீஸ், ரயருக்குக் காற்று. ஒரு போத்தல் எண்ணெய்க் காசுதான் செலவு. இரண்டு கிழமை ஓட்டுங்கள். பிறகு பின் பட்டை. முன்பக்கம் அப்போதும் வள்ளமாக இருந்தால் அந்தத் துணியில் விட்ட எண்ணெயைப் படம் எடுத்து அனுப்புங்கள், மினுமினுப்பு இருக்கிறதா என்று நானும் பார்க்கிறேன். இன்னொன்று, எண்ணெய்ப் பிளக்கைக் கழற்றும்போது அதன் அடியில் மெல்லிய வாஷர் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும், பெரும்பாலும் கறுத்து பிளக்கோடு பிளக்காகத் தெரியும். பழந்துணியோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், நான் இரண்டு தரம் போட்டிருக்கிறேன்.